பார்க்க வந்தவர்கள்

சித்திரை பிறந்தால் நுவரெலியாவில் ‘சீசன்’. கொழும்புக்காரர்கள் குளிரைத் தேடி மலையேறி வருவார்கள். நாங்கள் அவர்களை வேடிக்கை பார்க்கப் பட்டணத்துக்கு இறங்குவோம். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவிக் கரையில் ராட்டினம் என்று எத்தனையோ இருந்தாலும் எங்கள் வயசுப் பையன்களுக்குப் பிடித்தது மலையேற்றக் கார் ஓட்டந்தான். மஹகஸ்தொட்டையில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய ஓட்டம் அது. ரதல்லையிலும் ஒன்று நடக்கும். தேயிலைக் கங்கின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்போம். வளைவில் கார் திரும்பும்போது தெறிக்கும் சிறுகல் யாருடைய காலில் படுகிறதோ அவன்தான் அன்றைய வீரன்.

ஒருமுறை வாப்பா பின்னால் வந்து என் காதைப் பிடித்து இழுத்தார். “பாக்கிறதெண்டா பொறகால நிண்டு பாரு” என்றார். அந்தக் காது வலிதான் என் இளமைக் காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரேயொரு பார்வையாளர் பாதுகாப்பு ஏற்பாடு.

இதெல்லாம் எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது 2024 ஏப்ரல் 21ஆம் திகதி. அன்று ஞாயிற்றுக்கிழமை. தியத்தலாவையில் ‘பொக்ஸ் ஹில்’ கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. இராணுவமும் மோட்டார் விளையாட்டுச் சங்கமும் சேர்ந்து நடத்திய போட்டி. பாதையில் ஒரு கார் புரண்டது. மஞ்சள் கொடிகள் அசைக்கப்பட்டன. வேகத்தில் வந்த இன்னொரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் புகுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். இறந்தவர்களில் போட்டிப் பணியில் நின்ற உதவியாளர்களும் இருந்தார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள்.

என் தங்கையின் மகன் அன்று அங்கேதான் இருந்தான். நண்பர்களோடு நானு ஓயாவில் ரயிலேறிப் போனவன். பின்னேரம் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. “மாமா, எனக்கு ஒண்டுமில்ல. நான் மத்தப் பக்கம் நிண்ட” என்றான். தங்கை அழுதுகொண்டே, “அல்லாஹ் காப்பாத்திட்டான்” என்றாள். நானும் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்த எட்டு வயதுப் பிள்ளையின் தாய் இந்த நேரம் என்ன வாக்கியம் சொல்லிக்கொண்டிருப்பாள் என்ற எண்ணம் வந்து நெஞ்சில் குத்தியது.

மறுநாள் எங்களூர்த் தேநீர்க்கடையில் இதே பேச்சு. காரோட்டியவனைத் தூக்கில் போட வேண்டும் என்றார் ஒருவர். பாதையோரத்தில் போய் நிற்கச் சொன்னது யார், அறிவு வேண்டாமா என்றார் இன்னொருவர். கடைக்கார நானா தேநீரை ஆற்றிக்கொண்டே, “மவுத்து எங்க எழுதியிருக்கோ அங்கதான் கால் கொண்டுபோகும்” என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. அவர் சொன்னதில் ஈமான் கொண்டவர் எவரும் மறுக்கக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கேள்வி அந்தக் கடைக்குள் வராமலே போய்விட்டது. அந்த இடம் நிற்கத்தக்க இடம் என்று முடிவு செய்தவர் யார்? அல்லது, முடிவு செய்யாமலே விட்டவர் யார்?

அந்த விபத்தின் காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நான் ஒரேயொரு முறைதான் பார்த்தேன். ஓடுபாதைக்கும் மக்களுக்கும் இடையே சில எட்டுத் தூரந்தான். பந்தயக் காருக்குள் இரும்புக் கூண்டு இருக்கிறது, இருக்கைப் பட்டி இருக்கிறது, ஓட்டுபவரின் தலையில் கவசம் இருக்கிறது. வெளியே நின்றவர்களிடம் குடையும் தொப்பியும் இருந்தன. ஆபத்தை விரும்பித் தேடிப் போனவருக்கு இத்தனை காப்பு. வெறுமனே பார்க்க வந்தவருக்கு ஒன்றுமில்லை. சாரதிகள் இருவரும் உயிரோடிருந்தார்கள்; கைது செய்யப்பட்டார்கள். இராணுவம் விசாரணைக் குழு ஒன்றை நியமித்தது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று அறிந்துகொள்ள ஆசைப்பட்டேன். நான் சட்டம் படித்தவனல்லன். ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் பயின்றதோடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் நமது நாட்டில் நட்டஈட்டு வழக்குகளின் வேர் ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன்-டச்சுச் சட்டத்தில் இருக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. தென்னாபிரிக்காவிலும் அதே சட்டந்தான். அந்நாட்டுப் போயர் கைதிகளை 1900ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்து அடைத்து வைத்த ஊர் இதே தியத்தலாவை என்பது ஒரு தற்செயல் பொருத்தம். விஷயத்துக்கு வருகிறேன்.

ரோமச் சட்டத்தின் பெருந்தொகுப்பு ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டீனியன் மன்னன் காலத்தில் செய்யப்பட்டது. அதில் இரண்டு வழக்குகள் பேசப்படுகின்றன. ஒன்று ஈட்டி எறிவது பற்றியது. ஈட்டி எறிந்து விளையாடும்போது ஓர் அடிமை கொல்லப்பட்டால் எறிந்தவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஈட்டி எறிவதற்கென்றே உள்ள மைதானத்துக்குக் குறுக்கே, நேரங்கெட்ட நேரத்தில் நடந்து போனவன் இறந்தால் வழக்கில்லை. அவன் அங்கே போயிருக்கக்கூடாது.

இரண்டாவது வழக்கு நாவிதர் பற்றியது. சிலர் பந்து விளையாடுகிறார்கள். பக்கத்தில் ஒரு நாவிதர் ஓர் அடிமைக்குச் சவரம் செய்துகொண்டிருக்கிறார். பந்து வேகமாக வந்து நாவிதரின் கையில் பட, கத்தி கழுத்தை அறுத்துவிடுகிறது. குற்றம் யாருடையது? பந்தை அடித்தவருடையதா? சட்ட அறிஞர் ஒருவர் நாவிதரைக் காட்டுகிறார். வழக்கமாகப் பந்து விளையாடும் இடத்தில், அல்லது நடமாட்டம் மிகுந்த இடத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டது அவர் பிழை என்கிறார். ஆனால் அதோடு நிற்கவில்லை. அப்படி ஆபத்தான இடத்தில் கதிரை போட்டிருக்கும் நாவிதரிடம் தானாகப் போய்த் தலையைக் கொடுத்தவர் தன்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது.

கடையில் எழுந்த பேச்சு முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது. யார் உன்னை அங்கே நிற்கச் சொன்னது? ஆங்கிலேயச் சட்டத்தில் இது ஒரு கொள்கையாகவே வளர்ந்திருக்கிறது: தெரிந்து, விரும்பி ஆபத்தை ஏற்றவருக்கு வழக்கில்லை. 1930இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் இரண்டு கார்கள் உரச, ஒன்று கம்பி வேலியைத் தாண்டிக் கூட்டத்தில் விழுந்தது. இரண்டு பார்வையாளர்கள் இறந்தனர். காயப்பட்ட ஒருவர் வழக்குத் தொடுத்தார். ஜூரிகள் அவருக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னார்கள்; மேன்முறையீட்டு நீதிமன்றம் 1932இல் அதை மாற்றியது. திடல் தொடங்கிய காலத்திலிருந்து இருபத்து மூன்று வருடங்களாக அப்படியொரு விபத்து நடந்ததில்லை, நியாயமான காப்பு செய்யப்பட்டிருந்தது, விளையாட்டின் இயல்பான ஆபத்தைப் பார்வையாளர் ஏற்றுத்தான் வருகிறார் என்பது வாதம்.

அந்தத் தீர்ப்பில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். கிரிக்கெட் பார்க்கப் போனவர் மேல் பந்து விழலாம். அதற்காக மட்டையடித்தவரை நீதிமன்றத்துக்கு இழுப்பதென்றால் பிறகு எவரும் விளையாட முடியாது. ஆனால் புரூக்லண்ட்ஸில் வேலி இருந்தது. டிக்கட் வாங்கி, வேலிக்குப் பின்னால் ஒருவர் நின்றார். எட்டு வயதுப் பிள்ளை எதை அறிந்து, எதை விரும்பி ஏற்றது? அதை விடுங்கள். தோட்டத்து லயத்திலிருந்து பிள்ளைகளோடு பஸ்ஸேறி வந்த தகப்பனுக்கு, மண்பாதையில் வழுக்கும் ஒரு கார் எத்தனை யார் தூரம் பாயும் என்று எப்படித் தெரியும்? அது பந்தயத்தை நடத்துபவர்களுக்குத் தெரிந்த கணக்கு. தெரிந்தவர் பேசாமலிருக்க, தெரியாதவர் ‘சம்மதித்தார்’ என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கொடி கட்டி, ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டால் பாமர மனிதர் அதை ஒரு வாக்குறுதியாகத்தான் எடுத்துக்கொள்வார். ‘பெரியவர்கள் நடத்துகிறார்கள், பார்த்துக்கொள்வார்கள்.’

நமது பிக்ஹிலும் இந்தப் பிரச்சினை நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்ததுதான். நேரே செய்தவரை ‘முபாஷிர்’ என்றும், காரணமாக இருந்தவரை ‘முதஸப்பிப்’ என்றும் பிரிப்பார்கள். உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்ட நூலில் இதற்கு விதிகள் உண்டு. நேரே செய்தவர் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் ஈடு செய்ய வேண்டும். இருவரும் சேர்ந்தால் பொறுப்பு நேரே செய்தவருக்கு. உதாரணமும் தரப்படுகிறது: ஒருவர் பொதுவழியில் கிணறு தோண்டினார், இன்னொருவர் பிறர் மிருகத்தை அதில் தள்ளினார். தள்ளியவர்தான் ஈடு செய்ய வேண்டும்.

முதல் பார்வையில் இது சாரதியைப் பிடி, மற்றவரை விடு என்பது போலிருக்கும். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் தள்ளியவர் தெரிந்து தள்ளுகிறார். கார் சறுக்கிய சாரதி யாரையும் தள்ளவில்லை. அதே மஜல்லாவில் இன்னொரு விதியும் இருக்கிறது. அதிகாரமுள்ளவரின் அனுமதியின்றிப் பொதுவழியில் தோண்டிய கிணற்றில் மிருகம் தானாக விழுந்தாலும் தோண்டியவர் ஈடு செய்ய வேண்டும். தன் சொந்த நிலத்தில் தோண்டியிருந்தால் இல்லை. இங்கேதான் நான் மேலே யோசித்தேன். சொந்த நிலத்தில் கிணறு தோண்டிவிட்டு, ஊரைக் கூப்பிட்டு, ‘வாருங்கள், விளிம்பில் நின்று பாருங்கள்’ என்று சொன்னால் அது சொந்த நிலமா, பொதுவழியா? ஆலிம்கள் சொல்லட்டும். என் சிற்றறிவுக்கு, அழைத்த கணத்திலேயே அந்த நிலம் வழியாகிவிட்டது என்றே தோன்றுகிறது.

பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்பு கொண்டு போகிறவர் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு போகட்டும், யாருக்கும் காயம் பட்டுவிடக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் உண்டு. அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை ஆயிஷா (ரழி) அவர்கள் பார்த்த செய்தியும் நமக்குத் தெரியும். ஆக, வேடிக்கை பார்ப்பது விலக்கப்பட்டதல்ல. ஆனால் முனையைப் பிடிக்க வேண்டியவர் அம்பை வைத்திருப்பவரே தவிர எதிரே வருபவரல்லர்.

ஏப்ரல் 21 என்ற திகதி முஸ்லிம்களாகிய நமக்கு இன்னொரு காரணத்தாலும் கனமானது. 2019இல் அதே நாளில் நடந்ததையும், அதன்பின் நமது சமூகம் பட்டதையும் நான் இங்கே விரிக்கப் போவதில்லை. ஆனால் 2023 ஜனவரி 12இல் நமது உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்த விஷயத்துக்கும் பொருந்தும். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று அது சொன்னது. வேறு உயர் அதிகாரிகளும் கட்ட வேண்டும் என்றது. அவர்களில் எவரும் குண்டு வைக்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதற்குத்தான் அந்தக் கட்டளை. இந்நாட்டில் கை செய்தது மட்டும் குற்றமல்ல, கை கட்டியிருந்ததும் கணக்கில் வரும் என்று ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்து வருடம் வரை சிறை என்கிறது. அதில் சிக்குவது பெரும்பாலும் சாரதிகள்தான். சுக்கானில் கை வைத்தவரைக் காட்டுவது சுலபம். வேலி போடாதவரின் கையைக் காட்ட முடியாது. அது சட்டைப் பைக்குள் இருக்கிறது.

1955இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, விசாரணை எந்தச் சாரதியையும் குற்றஞ் சொல்லவில்லை. பாதையின் அமைப்பைத்தான் குறை கூறியது. இங்கிலாந்தில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1989இல் நெரிசலில் சிக்கியவர்களில் தொண்ணூற்றேழு பேர் இறந்தார்கள். குடித்துவிட்டு வந்த ரசிகர்களின் பிழை என்று பொலிசார் கதை கட்டினார்கள். ரசிகர்கள் மீது பிழையில்லை என்று ஒரு ஜூரி சொல்ல 2016 வரை, இருபத்தேழு வருடங்கள் ஆயின. பிள்ளையை இழந்த பெற்றோரில் சிலர் அதற்குள் தாங்களும் போய்விட்டார்கள்.

இவ்வளவையும் எழுதுகிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

2023ஆம் ஆண்டு எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் எறிதல் நிகழ்ச்சிகளுக்கு நான் பொறுப்பு. தோட்டப் பாடசாலை; மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் கங்கு. கங்கின் மேல் பெற்றோர் உட்கார்ந்து பார்ப்பார்கள். பரிதிவட்டம் எறியும்போது இரு புறமும் முளையடித்துக் கயிறு கட்டி, ஆட்களைத் தள்ளி உட்கார வைக்க வேண்டும். அது எனக்கு மிக நன்றாகத் தெரியும். கலாசாலையில் எங்களுக்கு உடற்கல்வி படிப்பித்தவர் அதில் மகா கண்டிப்பு. பாடசாலையில் கயிறும் இருந்தது. ஆனால் அன்று காலை பிரதம விருந்தினர் வரும் வழியில் கொடி கட்டக் கயிறு போதவில்லை. பிள்ளைகள் வந்து கேட்டார்கள். எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். நானேதான் சொன்னேன்.

தரம் 11 பையன் ஒருவன். நல்ல எறிகாரன். பனித்தூறலில் கை ஈரம். பரிதிவட்டம் வழுகி வலப்பக்கம் போய், கங்கில் உட்கார்ந்திருந்த ஒரு தாயின் கணுக்காலில் விழுந்தது. எலும்பு முறிந்தது. கொழுந்து பறிக்கும் பெண். தோட்ட லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் தலைமாட்டில் நின்றேன். அந்த வேதனையிலும் அவர் என்னைப் பார்த்து, “நீங்க என்னா சேர் செய்வீங்க, என் தலையில எழுதுனது” என்றார்.

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. நான் தலையாட்டினேன். ஆசிரியர் கூட்டத்தில் ‘மாணவனின் கவனக்குறைவு’ என்று எழுதப்பட்டது, நானும் கையொப்பமிட்டேன். அந்தப் பையன் பிறகு பரிதிவட்டத்தைத் தொடவில்லை. அந்தப் பெண் ஆறு கிழமை வேலைக்குப் போகவில்லை. அப்போது நாள் சம்பளம் ஆயிரம் ரூபா. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. கிழமைக்கு ஐந்து நாள் என்றாலும் முப்பதாயிரம்.

தேநீர்க்கடையில் விதியைப் பற்றிய பேச்சைக் கேட்டு நான் பேசாமலிருந்ததற்கு இதுதான் காரணம். கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. இழந்தவர் அதைச் சொல்லும்போது அது பொறுமை. இழக்கச் செய்தவர் அதே சொல்லைச் சொல்லும்போது, அல்லது இழந்தவர் சொல்லக் கேட்டுத் தலையாட்டும்போது, அது என்ன? தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றவர் பற்றி சூரத்துன் நிஸா 92ஆம் வசனம் பேசுகிறது. அது விதியைச் சொல்லி எவரையும் அனுப்பி வைக்கவில்லை. கடனைச் சொல்கிறது, இறந்தவரின் குடும்பத்துக்கு ஈடு சேர வேண்டும் என்கிறது, அவர்களாக விட்டுக்கொடுத்தாலொழிய. விட்டுக்கொடுக்கும் உரிமை அவர்களுடையது.

அந்தப் பெண் எனக்கு விட்டுக்கொடுக்கவில்லையா என்று நானே என்னிடம் வாதாடிப் பார்த்தேன். எங்களூர் ஹஸ்ரத்திடம் ஒருநாள் சுற்றி வளைத்துக் கேட்டேன். கடன் எவ்வளவு, எதற்கு என்று தெரியாமல் ஒருவர் ‘விட்டேன்’ என்றால் செல்லுமா? ஹனபி மத்ஹபில் செல்லும் என்பார்கள், நமது ஷாபியில் அறியாததை விடுவித்தால் அந்த விடுவிப்பு செல்லாது என்றார் அவர். பிறகு, “யாருக்கு மகன் கடன்?” என்று கேட்டார். ஒரு கூட்டாளிக்கு என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

பொசன் போயா விடுமுறையன்று அந்த லயத்துக்குப் போனேன். இரண்டு மாதம் சேர்த்த காசு ஒரு கடித உறையில். அவர் அடுப்படியில் இருந்தார். கால் சற்றே இழுத்துத்தான் நடக்கிறார். கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். நீட்டாமல், நியாயம் சொல்லாமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயும், மூடுபனி, நேரமின்மை என்று இரண்டு மூன்று சாட்டுகள் வாயில் வந்துவிட்டன.

அவர் கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொடி கட்டவா சேர் அந்தக் கயிறு போச்சு?”

“ஓம்.”

“அந்த ஐயா அன்னைக்கு வரவே இல்லையே.”

வரவில்லைதான். இறுதி நேரத்தில் வேறு கூட்டம் என்று ஆள் அனுப்பியிருந்தார். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

உறையை வைத்தேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அவர் எடுத்து, நிதானமாக எண்ணி, சாமிப்படத் தட்டுக்குக் கீழே வைத்தார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பாதி குடித்திருப்பேன்.

“அந்தப் பயகிட்ட சொன்னீங்களா சேர்?”

“இல்லை. அவன் இப்ப கொழும்பில...”

“கடையில நிக்கிறான். போன தீபாவளிக்கு வந்தப்ப எம் மூஞ்சப் பாக்காமப் போனான்” என்றார். உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டு, அவனுடைய போன் இலக்கத்தை ஒரு தாளில் எழுதிச் சேருக்குக் கொடுக்கச் சொன்னார்.